ஹைபர்னேட் பிழைகளை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சாங்கி பிசினஸ் பார்க்கிலோ ஒன்-நார்த்திலோ ஒரு ஜாவா குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எஸ்க்யூஎல் தெரியும், ஜாவாவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஹைபர்னேட்தான் புதிது. முதல் மாதத்தில் கைக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “சேமித்ததாகத் திரை சொல்கிறது, தரவுத்தளத்தில் இல்லை.” அல்லது, “பட்டியல் திறக்கவே மாட்டேன் என்கிறது.” அந்த நேரத்தில் எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிர்த்துவிடுங்கள். பிழை வந்ததும் என்டிட்டி வகுப்பின் (ஓர் அட்டவணைக்கு ஈடாக எழுதும் ஜாவா வகுப்பு) மேலுள்ள அனொடேஷன்களை, அதாவது @ குறிப்புகளை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் அது. லேசியை (கேட்கும்போது மட்டும் ஏற்றுவது) ஈகர் (உடனே ஏற்றுவது) ஆக்குவது, கேஸ்கேடை (ஒரு பொருளுக்குச் செய்வதை அதன் உறவுகளுக்கும் செய்வது) ஆல் ஆக்குவது, எங்கோ ஒரு ஃபிளஷ் (காத்திருக்கும் மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது) வரியைச் செருகுவது. பிழைச் செய்தி அடங்கிவிடும். காரணம் அங்கேயே கிடந்து, சில வாரம் கழித்து வேறு பெயரில் எழுந்து வரும். ஹைபர்னேட் உங்களுக்காக எஸ்க்யூஎல் எழுதி அனுப்பும் கருவி. ஆகவே எந்தக் கோளாறிலும் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த எஸ்க்யூஎல், எந்த நேரத்தில் போனது?

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்களின் பதிவைக் கவனிக்கும் ஒரு சிறு செயலி; பயிற்சிக்காக நாமே கற்பனை செய்துகொண்டது. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்துக்குப் புறப்படும் பக்தர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். பக்தர், நேரப்பிரிவு, பதிவு என மூன்று என்டிட்டிகள். ஒரு நேரப்பிரிவுக்குப் பல பதிவுகள், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்தர்.

அடியிலிருந்து படியுங்கள்

ஸ்டாக் டிரேஸின் முதல் வரி அனேகமாக உதவாது. ஹைபர்னேட்டை அழைக்கும் ஜாவா சட்டகமான ஸ்பிரிங், ஹைபர்னேட்டின் பிழையைத் தன் பிழைக்குள் வைத்துக் கொடுக்கிறது. ஹைபர்னேட் தரவுத்தளத்தின் பிழையைத் தன் பிழைக்குள் வைத்துக் கொடுக்கிறது. ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் கடைசிப் பகுதிக்கு நேரே போங்கள். மேலே ‘டேட்டா இன்டக்ரிட்டி வயலேஷன்’ என்று பொதுவாக இருப்பது, கீழே எந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டது என்று பெயரோடு இருக்கும். அந்தப் பெயர் ஹைபர்னேட் தானாக உருவாக்கிய எழுத்துக் குவியலாக இருந்தால் பயனில்லை. அதனால் அட்டவணை அமைக்கும்போதே கட்டுப்பாடுகளுக்குப் பொருளுள்ள பெயர் வையுங்கள். நள்ளிரவில் லாக் படிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

அடியில் தரவுத்தளத்தின் குரலே இல்லை, எல்லாம் ஹைபர்னேட்டின் குரல்தான் என்றால் அதுவும் ஒரு செய்தி. அந்த எஸ்க்யூஎல் வாசலைத் தாண்டவே இல்லை. கோளாறு உங்கள் மேப்பிங்கிலோ (வகுப்பை அட்டவணையோடு பொருத்தும் குறிப்புகள்), பொருள் இருக்கும் நிலையிலோ இருக்கிறது.

செயலி தொடங்கும்போதே விழும் பிழைகள் எளியவை. என்டிட்டியில் ஐடி குறிப்பு இல்லை, அளபுருக்கள் அற்ற கன்ஸ்ட்ரக்டர் இல்லை என்பதுபோல நேரடியாகவே சொல்லிவிடும். இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று, பழைய நிரலை ஸ்பிரிங் பூட் 3க்கு மாற்றும்போது ‘ஜாவாஎக்ஸ்.பெர்சிஸ்டென்ஸ்’ என்ற பழைய தொகுப்பின் இம்போர்ட் வரி எங்காவது மிச்சமிருந்தால், அந்த வகுப்பை ஹைபர்னேட் என்டிட்டியாகவே பார்க்காது. இப்போது ‘ஜகார்த்தா.பெர்சிஸ்டென்ஸ்’ என்றே இருக்க வேண்டும். மற்றொன்று, என்டிட்டிக்கு ‘யூசர்’, ‘ஆர்டர்’ என்று பெயர் வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இரண்டுமே ஒதுக்கப்பட்ட சொற்கள்.

போகும் எஸ்க்யூஎல்லைக் கண்ணால் பாருங்கள்

பலர் ‘ஷோ எஸ்க்யூஎல்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது லாக் அமைப்பைச் சுற்றிக்கொண்டு நேரே திரையில் அச்சிடுகிறது. நேரமும் இருக்காது, எந்தத் திரெட் என்பதும் தெரியாது. அதற்குப் பதிலாக ‘ஆர்க்.ஹைபர்னேட்.எஸ்க்யூஎல்’ என்ற லாக்கரை டீபக் நிலையில் வையுங்கள். கேள்விக்குறிகளின் இடத்தில் எந்த மதிப்புகள் போயின என்று தெரிய, ஹைபர்னேட் 6இல் ‘ஆர்க்.ஹைபர்னேட்.ஓஆர்எம்.ஜேடிபிசி.பைண்ட்’ லாக்கரை டிரேஸ் நிலையில் வைக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பு என்றால் ‘ஆர்க்.ஹைபர்னேட்.டைப்’. கூடவே ‘ஜெனரேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ அமைப்பை இயக்கினால் ஒரு செஷனில் (ஹைபர்னேட் தரவுத்தளத்தோடு பேசும் ஒரு சுற்று) எத்தனை வினவல்கள் போயின என்ற எண்ணிக்கையும் கிடைக்கும்.

இந்த மதிப்பு லாக்கை உங்கள் கணினியிலும் சோதனைச் சூழலிலும் மட்டும் இயக்குங்கள். பக்தரின் பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் அதில் பச்சையாக வந்து விழும். சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. லாக் கோப்பில் கிடக்கும் தகவலும் தகவல்தான். உற்பத்திச் சூழலில் பிழை தேடும் அவசரத்தில் டிரேஸை இயக்கிவிட்டு அணைக்க மறந்தால் அது வெறும் தொழில்நுட்பத் தவறாக முடியாது.

பொருள் எந்த நிலையில் இருக்கிறது?

ஹைபர்னேட்டுக்கு உங்கள் ஜாவா பொருள் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். புதிதாக நியூ போட்டு உருவாக்கியது, செஷன் கண்காணித்துக்கொண்டிருப்பது, ஒரு காலத்தில் கண்காணிக்கப்பட்டு, செஷன் மூடியதால் விடுபட்டது, அழிக்கக் குறிக்கப்பட்டது. புதியவர்களைத் திணறடிக்கும் பிழைச் செய்திகளில் பல இந்த நான்கில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வதால் வருபவை.

‘அன்சேவ்டு டிரான்சியன்ட் இன்ஸ்டன்ஸ்’ என்று வந்தால், நீங்கள் சேமிக்கும் பதிவு இன்னும் சேமிக்கப்படாத பக்தரைச் சுட்டுகிறது. உடனே கேஸ்கேடைச் சேர்க்காதீர்கள். பதிவை அழித்தால் பக்தரும் அழிய வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் கேஸ்கேட் ஆல் அங்கே ஆபத்து. பக்தரை முதலில் சேமிப்பதே முறை. ‘டிடாச்டு என்டிட்டி பாஸ்டு டு பெர்சிஸ்ட்’ என்றால் ஐடி ஏற்கெனவே நிரப்பப்பட்ட பொருளைப் புதியது என்று கொடுத்துவிட்டீர்கள். திரையிலிருந்து வந்த ஜேசனை நேரே என்டிட்டியாக மாற்றும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

விடுபட்ட பொருளை மெர்ஜ் செய்யும்போது (அதன் மதிப்புகளை மீண்டும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும்போது) ஒன்றை மறக்காதீர்கள்: நீங்கள் கொடுத்த பொருள் அதன் பிறகும் விடுபட்டதாகவே இருக்கும். மெர்ஜ் திருப்பித் தரும் பொருள்தான் கண்காணிப்பில் உள்ளது. பழைய மாறியிலேயே தொடர்ந்து மாற்றங்கள் செய்தால் அவை எங்கும் போய்ச் சேரா. பிழைச் செய்தியும் வராது.

சேமித்தது எங்கே போனது?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று படியுங்கள். ஸ்டாக் டிரேஸே இல்லாத பிழைகள் இங்கேதான் வாழ்கின்றன.

சேவ் என்று அழைத்த வரியில் இன்சர்ட் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐடியைத் தரவுத்தளமே உருவாக்கும் ஐடென்டிட்டி முறையில், ஐடி தெரிய வேண்டும் என்பதற்காக இன்சர்ட் உடனே போகும். சீக்வென்ஸ் முறையில் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருக்கும். காத்திருப்பவை எல்லாம் ஃபிளஷ் நடக்கும்போது ஒன்றாகப் புறப்படும். டிரான்சாக்‌ஷன் முடியும் தருணத்தில் ஃபிளஷ் நடக்கும். அதற்கு முன்பே நீங்கள் ஒரு ஜேபிக்யூஎல் (என்டிட்டிகளின் பெயரால் எழுதும் வினவல் மொழி) வினவலை ஓட்டினால், அது தொடும் அட்டவணைகளில் மாற்றம் காத்திருக்கிறதா என்று பார்த்து அப்போதும் நடக்கும். அதனால்தான் ஒரு சாதாரணத் தேடல் வரியில் இன்சர்ட் பிழை வெடிக்கிறது. பிழை காட்டும் வரி எண் குற்றம் நடந்த இடமல்ல. அதற்கு மேலே என்னென்ன மாற்றினீர்கள் என்று பின்னோக்கிப் போங்கள்.

ஃபிளஷ் உங்கள் நிரலின் வரிசையையும் காப்பாற்றுவதில்லை. இன்சர்ட்கள் முதலில், அப்டேட்கள் பிறகு, டெலீட்கள் கடைசி. ஒரு பக்தர் தன் பதிவை ரத்துசெய்து, அதே வரிசை எண்ணில் புதிய பதிவு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடந்தால் புதிய இன்சர்ட் முதலில் போய், இன்னும் அழியாத பழைய எண்ணோடு மோதி யூனிக் பிழை தரும். டெலீட்டுக்குப் பின் ஃபிளஷை அழைத்தால் தீரும். ஆனால் அழித்துவிட்டு மறுபடி போடுவதைவிட இருக்கும் பதிவைத் திருத்துவதே நல்லது என்பது என் கருத்து.

இனி, பிழை எதுவும் இல்லாமல் மாற்றம் மட்டும் காணாமல் போகும் சூழல்கள். ‘டிரான்சாக்‌ஷனல்’ குறிப்பு ரீட் ஒன்லி என்று வைக்கப்பட்டிருக்கிறதா? ஸ்பிரிங் அப்போது ஹைபர்னேட்டின் தானியங்கி ஃபிளஷை நிறுத்திவிடுகிறது. நீங்கள் மாற்றிய மதிப்பு நினைவகத்தில் மட்டும் மாறும். வகுப்பின் தலையில் ரீட் ஒன்லி இருந்து, உங்கள் மெதட்டில் அதை மீறும் குறிப்பு விட்டுப்போயிருக்கலாம். அடுத்து, அதே வகுப்பிலுள்ள ஒரு மெதட்டிலிருந்து இன்னொரு மெதட்டை அழைக்கிறீர்களா? உங்கள் வகுப்பின் முன் நின்று வெளியழைப்புகளை வாங்கும் ஸ்பிரிங்கின் வழக்கமான ப்ராக்ஸி அந்த உள்ளழைப்பைப் பார்ப்பதே இல்லை. குறிப்பு கண்ணுக்குத் தெரியும், டிரான்சாக்‌ஷன் திறக்காது.

ரோல்பேக் விதியையும் அறிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் இயல்பாக ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எரருக்கும்தான் பின்வாங்கும். பதிவு முடிந்து மின்னஞ்சல் அனுப்பும்போது செக்டு எக்செப்ஷன் எழுந்து மெதட்டை விட்டு வெளியேறினால், பக்தருக்குத் தோல்வி என்று திரை காட்டும். பதிவோ உள்ளே நிலைத்திருக்கும். அவர் மறுபடி முயன்று இரண்டு இடம் பிடித்துவிடுவார். இதற்கு நேரெதிர் ‘ரோல்பேக் ஒன்லி’ பிழை. உள்ளே அழைத்த ஒரு சேவை ரன்டைம் எக்செப்ஷன் எறிந்தது, நீங்கள் அதைப் பிடித்து விழுங்கிவிட்டுத் தொடர்ந்தீர்கள். ஆனால் டிரான்சாக்‌ஷன் அப்போதே கறைபட்டுவிட்டது. முடிவில் மொத்தமும் கழிந்துபோகும்.

இன்னொரு வழக்கமான காரணம் இருபுற உறவு. நேரப்பிரிவின் பதிவுப் பட்டியலில் ஒரு பதிவைச் சேர்த்தீர்கள், சேமித்தீர்கள், ஆனால் அட்டவணையில் அயல்சாவி வெறுமை. ‘மேப்டு பை’ எழுதப்பட்ட பக்கம் வெறும் பார்வையாளர். சாவியை எழுதும் உரிமை மறுபக்கத்துக்கு. இரண்டு பக்கத்தையும் ஒருசேர அமைக்கும் சிறு மெதட் ஒன்றை நேரப்பிரிவு வகுப்பில் எழுதி, எல்லாரும் அதையே அழைக்கும்படி செய்யுங்கள்.

‘நோ செஷன்’ பிழையும் மெதுவான பட்டியலும்

லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் புதியவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. உண்மையில் அது நேர்மையான பிழை: நீங்கள் கேட்கும் பட்டியல் இன்னும் ஏற்றப்படவில்லை, ஏற்றித் தரவேண்டிய செஷனும் மூடிவிட்டது என்கிறது. ஒன்-டு-மெனி உறவுகள் இயல்பில் லேசி. மெனி-டு-ஒன் உறவுகள் இயல்பில் ஈகர். முன்னதை ஈகர் ஆக்கி இந்தப் பிழையைத் தீர்ப்பது, ஒரு திரையின் தேவைக்காக எல்லாத் திரைகளையும் தண்டிப்பதாகும். அந்தத் திரைக்குரிய வினவலில் ஜாயின் ஃபெட்ச் (உறவையும் அதே வினவலில் சேர்த்து எடுப்பது) எழுதுங்கள், அல்லது என்டிட்டி கிராஃப் (எந்த உறவுகளை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்) கொடுங்கள். வெறும் காட்சிக்கு என்றால் தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுத்து ஒரு டிடிஓவில் (தரவை ஏந்திச் செல்ல மட்டுமான எளிய வகுப்பு) நிரப்புவதே மிகச் சிறந்தது.

ஸ்பிரிங் பூட்டில் ‘ஓபன் இன் வியூ’ இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கும். வலைக் கோரிக்கை முடியும்வரை செஷனைத் திறந்தே வைக்கும். அதனால் இந்தப் பிழை வலைத்திரையில் மறைந்து, இரவில் ஓடும் பின்னணி வேலையில் மட்டும் தலைகாட்டும். புதுத் திட்டமானால் அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஓடும் திட்டமானால் குழுவைக் கேட்காமல் தொடாதீர்கள். எத்தனை திரைகள் அதன் மேல் சாய்ந்து நிற்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

மெதுவான பட்டியலுக்கு வருவோம். இருநூறு பதிவுகளை ஒரு வினவலில் எடுத்தீர்கள். ஒவ்வொன்றிலும் பக்தரின் பெயரைக் காட்ட இருநூறு வினவல்கள் தனித்தனியே போயின. மொத்தம் 201. உங்கள் கணினியில் தரவுத்தளம் அருகிலேயே இருப்பதால் இது தெரியாது. வலையமைப்பைத் தாண்டிப் போகும்போது வலிக்கும். எஸ்க்யூஎல் லாக்கில் ஒரே வடிவ செலக்ட் அடுக்கடுக்காக வந்தால் அதுதான் அடையாளம். ஈகர் என்று வைத்தாலும் இது தீராது, ஏனெனில் ஜேபிக்யூஎல் நீங்கள் எழுதியபடியே ஓடிவிட்டு, ஈகர் உறவுகளைப் பிறகு தனி வினவல்களால் நிரப்பும். ஜாயின் ஃபெட்ச் அல்லது ‘டீஃபால்ட் பேட்ச் ஃபெட்ச் சைஸ்’ அமைப்பு (பலவற்றை ஒரே வினவலில் தொகுத்து எடுப்பது) கைகொடுக்கும்.

ஆனால் ஒரு பள்ளம் உண்டு. பட்டியல் உறவை ஜாயின் ஃபெட்ச் செய்துகொண்டே பக்கம் பக்கமாகவும் பிரித்தால், ஹைபர்னேட் எல்லா வரிசைகளையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே பிரிக்கும். லாக்கில் ஒரே ஓர் எச்சரிக்கை வரி வரும். பெரும்பாலோர் அதைக் கடந்துபோகிறார்கள். முதலில் அந்தப் பக்கத்துக்குரிய ஐடிகளை மட்டும் எடுங்கள், பிறகு அந்த ஐடிகளுக்கு ஃபெட்ச் செய்யுங்கள்.

கடைசி இடத்துக்கு இருவர்

ஒரு நேரப்பிரிவில் ஓர் இடம்தான் மிச்சம். இரண்டு தொண்டூழியர்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள். இருவர் நிரலும் “இடம் இருக்கிறது” என்றே படித்தது. நேரப்பிரிவில் ‘வெர்ஷன்’ குறிப்புள்ள ஒரு நெடுவரிசை (ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கூடுவது) இருந்தால், பின்னால் வருபவருக்கு ஆப்டிமிஸ்டிக் லாக் பிழை கிடைக்கும். அந்தப் பிழை வந்தது நல்ல செய்தி. பிடித்து விழுங்காமல், புதிய டிரான்சாக்‌ஷனில் மறுபடி படித்து, இடம் இல்லையென்றால் அவருக்குச் சொல்லுங்கள். இது வேலை செய்ய நேரப்பிரிவு அட்டவணையிலுள்ள அந்த வரிசையே மாற வேண்டும். மிச்ச இடங்களின் எண்ணிக்கையை அங்கே வைத்துக் குறைத்தால்தான் மோதல் தெரியும். பதிவு அட்டவணையில் மட்டும் இன்சர்ட் போனால் வெர்ஷன் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

சிங்கப்பூர் தரவில் கவனிக்க வேண்டியவை

பிறந்த தேதி ஒரு நாள் பின்தங்கி வருகிறது என்ற புகார் வந்தால், பாதிக்கப்பட்டவர்கள் 1982க்கு முன் பிறந்தவர்களா என்று பாருங்கள். 1981 முடிந்து 1982 பிறந்த நேரத்தில் சிங்கப்பூர் கடிகாரங்கள் அரை மணி முன்னே வைக்கப்பட்டன. அதுவரை உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி முன், அன்றிலிருந்து எட்டு மணி முன். ஜாவாவின் ‘ஏசியா/சிங்கப்பூர்’ மண்டலத்துக்கு இந்த வரலாறு தெரியும். நிலையான எட்டு மணி என்று எழுதிய நிரலுக்குத் தெரியாது. 1975 மே 10 நள்ளிரவு என்று பின்னது எழுதியதை முன்னது படித்தால் மே 9 இரவு 11.30 ஆகிவிடும். பொதுநேரத்தில் ஓடும் கண்டெய்னர் ஒன்று இடையில் புகுந்தால் 1982க்குப் பின் பிறந்தவர்களின் தேதியும் பின்னே போகும். பிறந்த தேதிக்கு நேரமே தேவையில்லை: ஜாவாவில் லோக்கல் டேட், அட்டவணையில் டேட். பதிவு நடந்த கணம் போன்றவற்றுக்கு இன்ஸ்டன்ட். ஹைபர்னேட்டின் ‘ஜேடிபிசி டைம் ஸோன்’ அமைப்பைப் பொதுநேரத்துக்கு வைப்பது நல்லது, ஆனால் தரவு நிறைந்த பழைய திட்டத்தில் திடீரென்று மாற்றினால் பழைய வரிசைகள் எல்லாம் எட்டு மணி நகர்ந்து தெரியும்.

அடையாள அட்டை எண்ணை முதன்மைச் சாவியாக வைக்காதீர்கள். வேலை அனுமதியில் வந்தவர் நிரந்தரவாசி ஆனால் அவருடைய எண் மாறும். கண்காணிப்பிலுள்ள என்டிட்டியின் ஐடியை மாற்ற ஹைபர்னேட் விடாது. ‘ஐடென்டிஃபயர் ஆல்டர்டு’ என்று நின்றுவிடும். மேலும், சட்டம் கோரும்போதோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியபோதோ தவிர, அந்த எண்ணை நிறுவனங்கள் திரட்டக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருளற்ற ஓர் எண்ணே சாவியாக இருக்கட்டும்.

பெயர் நெடுவரிசையிலும் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். குடும்பப் பெயர் என்ற நெடுவரிசைக்கு வெறுமை கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், குடும்பப் பெயரே இல்லாத தமிழர் ஒருவர் பதியும்போது நாட்-நல் பிழை வரும். புள்ளி போட்டு நிரப்பச் சொல்லும் தீர்வை ஏற்காதீர்கள். முழுப்பெயர் என்ற ஒரே நெடுவரிசை போதும்.

தமிழ் எழுத்தில் சேமித்தால் நீளத்தையும் கணக்கிடுங்கள். ‘சிங்கப்பூர்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறிகள். யூடிஎஃப்-8இல் 33 பைட். போஸ்ட்கிரெஸ் குறிகளை எண்ணும். ஆரக்கிளில் வார்சார்2 நீளம் இயல்பாகப் பைட் கணக்கு. முப்பது என்று வைத்த நெடுவரிசையில் இந்த ஒரு சொல்கூட நுழையாது. கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டிருந்தால் ஹைபர்னேட்டைக் குறைசொல்ல வேண்டாம். அட்டவணையின் எழுத்துக்குறி அமைப்பைப் பாருங்கள்.

இணைப்பு கிடைக்காதபோது

‘கனெக்‌ஷன் இஸ் நாட் அவைலபிள்’ என்று முப்பது விநாடிக்குப் பின் விழுந்தால், ஹிகாரி என்ற தரவுத்தள இணைப்புத் தொகுப்பிலுள்ள இணைப்புகள், இயல்பாகப் பத்து, எல்லாம் யாரிடமோ இருக்கின்றன. எண்ணை உயர்த்தும் முன் ‘லீக் டிடெக்‌ஷன் திரெஷோல்டு’ அமைப்பை இயக்குங்கள். எந்த நிரல் இணைப்பை நெடுநேரம் வைத்திருக்கிறது என்று அதுவே காட்டும். டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்துகொண்டே வெளிச் சேவையை அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும் மெதட்டுகள்தான் பெரும்பாலும் சிக்கும்.

பிழையைச் சிறிதாக்கி மறுபடி வரவழையுங்கள்

திருத்தும் முன் ஒரு சோதனை எழுதுங்கள். உற்பத்தியில் ஓடும் அதே தரவுத்தள வகையை டெஸ்ட்கண்டெய்னர்ஸ் (சோதனைக்காகத் தற்காலிகத் தரவுத்தளத்தை எழுப்பும் கருவி) கொண்டு எழுப்பிக்கொள்ளுங்கள். சோதனைக்குப் பலர் பயன்படுத்தும் எச்2 என்ற சிறு தரவுத்தளத்தில் வராத பிழைகள் போஸ்ட்கிரெஸில் வரும். சோதனை மெதட்டுக்கு டிரான்சாக்‌ஷனல் குறிப்பு இருந்தால் ஸ்பிரிங் முடிவில் எல்லாவற்றையும் பின்வாங்கும். அதனால் காத்திருக்கும் எஸ்க்யூஎல் ஒருமுறைகூடப் போகாமல் சோதனை பச்சை காட்டக்கூடும். சேமித்த பிறகு ஃபிளஷ், பிறகு கிளியர், அதன் பின்னரே திரும்பப் படியுங்கள். கிளியர் இல்லையென்றால் செஷன் தன்னிடமுள்ள அதே பொருளையே நீட்டும். தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்ததாகவே ஆகாது.

அப்படியும் சிக்கவில்லையா? மூத்தவரிடம் போகத் தயங்காதீர்கள். கடைசி ‘காஸ்டு பை’ பகுதி, போன எஸ்க்யூஎல்லும் அதன் நேரமும், டிரான்சாக்‌ஷன் எந்த மெதட்டில் திறந்து எங்கே முடிகிறது, ஹைபர்னேட்டின் பதிப்பு எண் என இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.